தராசு காட்டாத இலக்கங்கள்

எங்கள் மகள் ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். திண்டிவனத்தில், என் மனைவியின் அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில், ஒரு வியாழக்கிழமை காலை. நான் விழுப்புரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். வளைகாப்பு முடிந்து மனைவியை அங்கே அனுப்பிவைத்து பத்து நாள்கூட ஆகவில்லை. செய்தியை ஒரு பஸ் கண்டக்டர் கொண்டுவந்தார். பள்ளி வாசலில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"பொண்ணு பொறந்துகீதாம் சார். ரொம்பச் சின்னதாம். உங்கள ஜல்தியா வரச் சொன்னாங்க."

அதே பஸ்ஸில் ஏறிப் போனேன். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது.

குழந்தை என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருந்தாள். பஞ்சைச் சுற்றி, அதன்மேல் துணியைச் சுற்றி, என் மனைவியின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். கிளியனூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், குரல் வாசலுக்குக் கேட்கும். அவரிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"பொழைக்குமாங்க?"

"மூணு பவுண்டு பதினாலு அவுன்ஸ் இருக்குது சார். இத்தவிட சின்னதெல்லாம் பாத்துகிறேன்" என்றார். "உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இல்ல. பாலைப் பிழிஞ்சி ஃபில்லர்ல ரெண்டு மணிக்கு ஒரு தபா ஊத்தணும். அம்மா சூட்டுலயே வச்சிக்கணும். வியாழக்கெழம வியாழக்கெழம எட போட்டுப் பாப்போம். எட ஏறிச்சின்னா பொழச்சிக்கும்."

இங்க் பேனாவுக்கு மை ஊற்றும் அந்தக் கண்ணாடி ஃபில்லரை நானே கடையில் போய்ப் புதிதாக வாங்கிவந்து கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஞாயிறு மாலை விழுப்புரம் திரும்பிவிட்டேன். 'எட ஏறிச்சின்னா பொழச்சிக்கும்' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னோடு ரயிலில் வந்தது.

நான் பாடம் நடத்தும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகையூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. பி.எஸ்ஸி. வரை வந்தவன் நான் ஒருவன்தான். படித்ததில் ஒரு விஷயத்தை மட்டும் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அளந்தால் அளந்ததை எழுத வேண்டும், அதற்கு மேல் ஓர் இலக்கம்கூட எழுதக் கூடாது. காலேஜில் 'சிக்னிஃபிகண்ட் ஃபிகர்ஸ்' என்று சொல்லிக்கொடுத்ததை நான் பையன்களுக்குப் 'பொருளுள்ள இலக்கங்கள்' என்று சொன்னேன்.

பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு மரக்கட்டையைக் கொடுப்பேன். அளவுகோலால் நீளம், அகலம், உயரம் அளக்க வேண்டும். ஆறு புள்ளி நாலு, நாலு புள்ளி ஒண்ணு, ரெண்டு புள்ளி மூணு சென்டிமீட்டர். எடை நாற்பத்து மூன்று கிராம். அடர்த்தி என்ன? பையன்கள் வகுத்துக்கொண்டே போவார்கள். 0.712487 என்று நோட்டில் எழுதிப் பெருமையாக நீட்டுவார்கள்.

"இந்தக் கடைசி ஏழை எந்தக் கண்ணால பாத்தே?" என்பேன்.

"கணக்குல வந்துது சார்."

"அளவுகோல்ல ரெண்டு இலக்கம்தான பாத்தே? அப்புறம் ஆறு இலக்கம் எங்கிருந்து வரும்? நீயா பெத்துக்கினியா?"

வகுப்பே சிரிக்கும். சிவப்பு மையால் 0.71-க்கு அப்பால் இருப்பதையெல்லாம் அடித்துவிடுவேன். பையன்கள் எனக்குப் 'புள்ளி வாத்தியார்' என்று பேர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். எனக்கு அதில் ரகசியமாக ஒரு சந்தோஷம்கூட உண்டு.

மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் எடை போட்டதும் ஒரு கார்டு எழுதிப் போடச் சொல்லியிருந்தேன். வெள்ளி, இல்லாவிட்டால் சனிக்கிழமை, பள்ளிக்கூட விலாசத்துக்கு அது வந்து சேரும்.

முதல் கார்டில் மூணு பவுண்டு பதினொரு அவுன்ஸ் என்று இருந்தது. மூன்று அவுன்ஸ் குறைந்துவிட்டது! வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை ஓடிப்போய் நின்றபோது நர்ஸம்மா, "பொறந்த எல்லாக் கொழந்தையும் மொத வாரம் கொறையும் சார், இதுக்கா வந்தீங்க?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து மனைவிதான் பயந்துபோனாள். எனக்குத் தைரியம் சொல்ல வேண்டிய வேலையும் அவளுக்குச் சேர்ந்தது.

அடுத்த கார்டில் குழந்தை பிறந்த எடைக்குத் திரும்பியிருந்தாள். அதற்கடுத்து நாலு பவுண்டு. அதற்கடுத்து நாலு பவுண்டு ரெண்டு அவுன்ஸ்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு நோட்டுப் போட்டேன். கடைத்தெருவில் சேர், பவுண்டு எல்லாம் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த காலம் அது. மெட்ரிக் முறையை வகுப்பில் நடத்துவதும் நான்தான். பள்ளி நூலகத்தில் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அதில் எல்லா எடையும் கிராமில் இருந்தது. அதனால் நானும் மாற்றினேன். நாலு பவுண்டு ரெண்டு அவுன்ஸ் என்றால் அறுபத்தாறு அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் 28.3495 கிராம். பெருக்கினால் 1871.067 கிராம்.

எழுதிப் பார்த்தபோது மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா! நாலு பவுண்டு ரெண்டு அவுன்ஸ் என்றால் ஏதோ கறிக்கடையில் கேட்பது மாதிரி இருந்தது. 1871.067 என்று எழுதினால் என் மகளை யாரோ ரொம்ப கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. கிராஃப் காகிதத்தில் புள்ளி வைத்தேன். போன வாரத்தைவிட ரெண்டு அவுன்ஸ் கூடுதல், அதாவது 56.699 கிராம். ஏழால் வகுத்தால் நாளுக்கு 8.0999 கிராம். இருபத்து நாலால் வகுத்தால் மணிக்கு 0.3375 கிராம்.

இதை வைத்துக்கொண்டு நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாடவேளை முடிந்து மணி அடித்தால், இந்நேரம் அவள் கால் கிராம் ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். மனைவிக்கு எழுதும் கடிதங்களிலும் இதே கணக்குத்தான். 'பாப்பா இப்போது 1.8711 கிலோ. புத்தகத்தில் போட்டிருப்பதற்கு இன்னும் இவ்வளவு பாக்கி' என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். மத்தியானம் ஒரு பையனின் நோட்டில் ஆறு இலக்கத்தை அடித்துவிட்டு, சாயங்காலம் அறைக்கு வந்து நான் ஏழு இலக்கம் எழுதுவேன். அது எனக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை கிடைத்தது. முதல் தடவையாக, எடை போடுவதை நேரில் பார்க்கப் போனேன்.

தராசு ஒரு மேஜைமேல் இருந்தது. தகரத் தட்டு, அதன் கீழே ஒரு கம்பி, கம்பியில் நகரும் பித்தளைக் குண்டு. கம்பியில் கோடு போட்டிருந்தது, ஒரு கோட்டுக்கு ஓர் அவுன்ஸ். நர்ஸம்மா குழந்தையைத் தட்டில் வைத்ததும் அவள் கையைக் காலை உதைத்தாள். கம்பி மேலும் கீழும் ஆடியது. நர்ஸம்மா குண்டை ஒரு விரலால் தள்ளி, "நாலு நாலு" என்றார்.

"இன்னொரு தபா போட்டுப் பாருங்களேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி போட்டார். "நாலு மூணு."

"இன்னொரு வாட்டி."

"நாலு அஞ்சி. இன்னா சார், போதுமா? கொழந்த கால உதைச்சா ஒரு அவுன்ஸ் ஏறும், மூத்திரம் போனா ஒரு அவுன்ஸ் எறங்கும். தங்கமா நிறுக்கறோம்?"

பின்னால் நின்ற மனைவி மெதுவாகச் சொன்னாள். "அதுக்குத்தாங்க நான் பால் குடுக்கறதுக்கு முன்னாலயே தூக்கினு வர்றேன். மொத ரெண்டு வாரம் ஒரு தபா குடிச்சிட்டு வந்தா, ஒரு தபா குடிக்காம வந்தா. சரியா வரல. துணியும் அதே துணிதான். வேற துணி கட்டினா அதுக்கே வித்தியாசம் காட்டுது."

பௌதிகத் தராசை எப்படிக் கையாள வேண்டும் என்று நாலு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இவளோ எட்டாம் வகுப்போடு நின்றவள், நெஞ்சில் பச்சைக் குழந்தையோடு, அதையெல்லாம் தானாகவே கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்தாள். ஒரு கோட்டுக்கு முன்னே பின்னே ஆடும் தராசு. அதன் ஓர் அவுன்ஸிலேயே இருபத்தெட்டு கிராம் அடக்கம். அதிலிருந்து நான் கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் எழுதியிருந்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்து 1871.067-ஐ அடித்தேன். பக்கத்தில் 1.87 கிலோ என்று எழுதினேன். அந்த ஏழுகூட சந்தேகம்தான், ஆனால் அந்தச் சந்தேகம் தராசே கொடுத்தது. மணிக்கு 0.3375 கிராமை முழுசாக அடித்துவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன் அடிக்கிறீங்க? அழகா எழுதி வச்சிருந்தீங்களே."

"அதெல்லாம் நானா பெத்துக்கினது" என்றேன். "இனிமே கார்டுல தராசு இன்னா காட்டுதோ அத மட்டும் எழுது."

"அதத்தான எழுதினுகிறேன்" என்றாள்.

அடுத்த வாரம் கார்டில் நாலு பவுண்டு எட்டு அவுன்ஸ் என்று வந்தது. எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத ஏற்றம். சந்தோஷத்தில் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, வாங்கிக் கொடுத்தேன். பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது, இரண்டு வாரம் வர முடியாது என்று மனைவிக்கு எழுதினேன்.

அதற்கடுத்த கார்டு சனிக்கிழமை காலை இரண்டாவது பாடவேளையில் வந்தது. பியூன் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். பையன்கள் லாக் டேபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே படித்தேன்.

'பாப்பா நன்றாக இருக்கிறாள். எடை 2.1375 கிலோ. இன்ஸ்பெக்‌ஷன் வேலையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும். வர வேண்டாம்.'

மறுபடியும் ஏற்றம்! ஒரு நொடி மகிழ்ந்துவிட்டு மறுபடி படித்தேன். அந்த நாலு தசம இலக்கமும் கண்ணில் குத்தியது. ஒருவேளை புதுசாகக் கிலோ தராசு வந்துவிட்டதோ? வந்தாலும் 2.1375 என்றால் கிராமில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் அல்லவா நிறுத்திருக்க வேண்டும்? எங்கள் பள்ளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பௌதிகத் தராசு ஒரு காசை அப்படி நிறுக்கும், ஜன்னலைச் சாத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால். கால் உதைக்கும் குழந்தையை அப்படி நிறுக்கும் தராசு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. பவுண்டிலிருந்து யாராவது மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்று கரும்பலகையின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன். எழுபத்தைந்து புள்ளி நாலு அவுன்ஸ் வந்தது. அந்தத் தராசின் கம்பியில் புள்ளி நாலு என்று ஒரு கோடே இல்லை.

இது நிறுத்துப் பார்த்த எண் இல்லை. என் மனைவி உட்கார்ந்து எழுதிய எண். அவள் எதற்காக ஓர் எடையை உண்டாக்கி எழுத வேண்டும்?

சாக்பீஸை வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் சரித்திரம் நடத்துகிறவர், கண்டிப்பானவர். மேஜை முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் காகிதங்கள்.

"சார், எனக்கு இப்பவே லீவு வேணும். திண்டிவனம் போவணும்."

"திங்கக்கெழம இன்ஸ்பெக்‌ஷன். லேப் மொத்தமும் உங்க பொறுப்பு. இன்னா ஆச்சி?"

கார்டை நீட்டினேன். படித்தார். "கொழந்த நல்லாருக்குதுன்னுதான எழுதிகிறாங்க? ரெண்டு கிலோவுக்கு மேல ஏறிகீது. வர வேணாம்னும் போட்டுகிறாங்க."

"அது எட போட்ட நம்பர் இல்லீங்க சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"புள்ளிக்கு அப்பால நாலு இலக்கம் இருக்குது சார். அந்தத் தராசால அதச் சொல்ல முடியாது."

அவர் கார்டை மறுபடி பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கார்டைத் திருப்பித் தந்தார். லேப் சாவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வாங்க. திங்கக்கெழம முடிஞ்சா வாங்க" என்றார்.

காலை பாசஞ்சர் போய்விட்டிருந்தது. பஸ்ஸில் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். டிரைவர் நிதானமாக இறங்கி, நிதானமாகப் பேசி, நிதானமாகக் குடித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து கார்டை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். விழுப்புரத்தில் ஏறும்போது அவள்மேல் கோபமாக இருந்தது. பொய் எழுதிவிட்டாளே என்று. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் கோபம் போய் வெறும் பயம்தான் பாக்கி இருந்தது. 'நன்றாக' என்ற வார்த்தையில் மை கலங்கியிருந்தது. தண்ணீர்தான் பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமியார் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "எல்லாம் ஆஸ்பத்திரியிலதான் இருக்கறாங்க, செவ்வாக்கெழமையிலேருந்து" என்றாள்.

ஓடினேன்.

ஓர் ஓரக் கட்டிலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நர்ஸம்மா பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, மனைவி ஃபில்லரால் குளுகோஸ் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக வாயோரம் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"யாருங்க சொன்னாங்க?"

"நீதான்" என்று சொல்லிக் கார்டைக் காட்டினேன்.

அவளுக்கு விளங்கவில்லை. நர்ஸம்மாதான் நடந்ததைச் சொன்னார். செவ்வாய் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. டாக்டர் வந்து பார்த்து மருந்து கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை எடை நாலு பவுண்டு மூணு அவுன்ஸ். ஐந்து அவுன்ஸ் இறங்கிவிட்டது. "போக்கு நேத்து ராத்திரியோட நின்னுபோச்சி சார். இனிமே தண்ணி உள்ள தங்கணும், அவ்ளோதான்."

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். மனைவி தலையைக் குனிந்தபடி பேசினாள்.

"மொத வாரம் மூணு அவுன்ஸ் கொறஞ்சதுக்கே சாப்புடாம கெடந்தீங்க. இப்ப அஞ்சின்னு எழுதினா இன்ஸ்பெக்‌ஷனும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஓடியாந்துடுவீங்க. வேலைக்கு ஏதாச்சும் பேஜாராயிடும். அதான் எழுதினேன்."

"சரி, அதுக்கு ஏன் கிலோவுல எழுதினே?"

அவள் ஃபில்லரைக் கிண்ணத்தில் வைத்தாள். பிறகு, "பவுண்டு அவுன்ஸ்ல பொய் எழுதக் கை வரல" என்றாள். "அது நர்ஸம்மா வாயால சொல்ற கணக்கு. கிலோ யாரும் சொன்னதில்ல, நீங்கதான் எழுதுவீங்க, புள்ளி வச்சி நாலு நம்பர். அந்த மாதிரி எழுதினா நம்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

என்னை ஏமாற்ற அவள் எடுத்துக்கொண்டது நானே கொடுத்த எண்களைத்தான். அழுகை வந்துவிட்டது. முப்பது வயது ஆண்பிள்ளை, நாலு பெண்கள் படுத்திருந்த வார்டில். நர்ஸம்மா சட்டென்று கிண்ணத்தை என் கையில் திணித்து, "இந்தாங்க சார், புடிங்க. எனக்கு வேற வேலை கீது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார். அன்று சாயங்காலம் வரை அந்தக் கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஃபில்லர், கொஞ்ச நேரம், இன்னொரு ஃபில்லர். இடையில் மனைவியிடம் சொன்னேன்.

"நான் பயப்படுவேன்னு நீ பொய் எழுத வேணாம். நான் பயந்தா பயந்துட்டுப் போறேன். நீ ஒண்டியா இருக்கறதவிட ரெண்டு பேரும் பயப்படறது மேல்."

"ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "புள்ளி வச்சதத் தவிர வேற எதுல கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"வேற எதுலயும் இல்ல. கையெழுத்து நல்லாத்தான் இருந்துது."

நாலு நாளில் முதன்முதலாக அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நர்ஸம்மா எடை போட்டார். நாலு பவுண்டு நாலு அவுன்ஸ். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஓர் அவுன்ஸ் ஏற்றம். ஆனால் அந்தத் தராசில் ஓர் அவுன்ஸ் என்பது ஒன்றுமே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கால் உதைத்தாலே வரும். அவள் இப்போது காலை உதைக்கிறாளே என்று மனைவி சொன்னாள். அது நியாயமாகப் பட்டது.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "ஈரத்துணி எத்தனன்னு எண்ணலாம்" என்றாள். "தண்ணி உள்ள தங்கினா மூத்திரம் போவா. நேத்து ரெண்டுதான்."

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ லேசானது. நிறுப்பதில்தான் முன்னே பின்னே இருக்கும். எண்ணுவதில் அது கிடையாது. மூன்று துணி என்றால் மூன்றுதான், மூன்று புள்ளி ஏதோ அல்ல. வகுப்பில் இதையும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கோலிக்குண்டுகளை வைத்து. அன்றைக்குத்தான் அது எதற்கு என்று தெரிந்தது.

ஈரத்துணிகளைத் துவைப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் கிணற்றடியில் உட்கார்ந்து துவைத்தேன். மாமியார் பதறிப்போய் ஓடிவந்தாள். "ஐயையோ மாப்ளே, யாராச்சும் பாத்தா இன்னா சொல்வாங்க? குடுங்க இங்க."

"பாக்கட்டும் அத்தை. நாந்தான் எண்ணணும்."

அவளுக்கு அது சுத்தமாக விளங்கவில்லை. ஆனாலும் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் வரை கொடியில் மூன்று தொங்கின. சாயங்காலம் ஐந்து. இருட்டுவதற்குள் ஏழு. ஏழாவதை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போனபோது குழந்தை அழுதுகொண்டிருந்தாள். ஐந்தாறு நாளாகக் கேட்காத உரத்த அழுகை. பக்கத்துக் கட்டில் பெண்கள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். மனைவி என்னைப் பார்த்து, "பசிக்குதாம்" என்றாள். அன்றைக்குத்தான் மகள் முதல் தடவையாக ஃபில்லர் இல்லாமல், தானே உறிஞ்சிக் குடித்தாள்.

திங்கட்கிழமை நான் விழுப்புரம் போகவில்லை. செவ்வாய் போனேன். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்திருந்தது. தலைமையாசிரியர் லேபைத் தானே திறந்து காட்டியிருக்கிறார். வந்த அதிகாரி திருகு அளவியைக் காட்டி என்னவென்று கேட்க, சரித்திரம் நடத்துகிறவர் தடுமாறியிருக்கிறார். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து ஒரு கம்பியை அளந்து, பதிலைச் சொல்லி, "இதுக்கு மேல சொல்லக் கூடாதுங்க சார்" என்றும் சொல்லியிருக்கிறான். எனக்கு எழுத்து மூலம் ஒரு விளக்கம் கேட்டார்கள். 'குழந்தைக்கு உடல்நிலை சரியில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த கார்டுகளிலெல்லாம் பவுண்டும் அவுன்ஸும்தான். ஒரு வாரம் 'நாலு எட்டு, இல்லாவிட்டால் நாலு ஒன்பது. கம்பி நிற்கவில்லை' என்று எழுதியிருந்தாள். அந்தக் கார்டை ஆசிரியர் அறையில் யாரிடமும் காட்டாமல் நான் மட்டும் நாலைந்து தடவை படித்தேன். அவ்வளவு நேர்மையான ஓர் அளவீட்டை எந்த மாணவனும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

ஏழு பவுண்டைத் தாண்டியதும் நர்ஸம்மா, "இனிமே கூட்டினு போலாம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ரயிலில் விழுப்புரம் வந்தோம். மயிலத்தில் தூங்கியவள் முண்டியம்பாக்கத்தில் இன்ஜின் ஊதியதும் விழித்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், "நல்ல குரலு" என்றார். என் மனைவிக்கு அதில் வந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

விழுப்புரத்தில் இரண்டு அறை வீடு. மாதாமாதம் எடை போட ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஆறேழு மாதம் ஆனதும் அவள் தட்டில் உட்கார மறுத்து, பித்தளைக் குண்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். அத்தோடு அதை நிறுத்திவிட்டோம். அந்தச் சமயத்தில்தான் கேப்பையை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி மனைவி கஞ்சி காய்ச்சினாள். முதல் கரண்டியை ஊட்ட என்னை உட்காரச் சொன்னாள். மகள் முகத்தைச் சுளித்து அத்தனையையும் என் சட்டைமேல் துப்பினாள். இரண்டாவது கரண்டியைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.